தாய்மாமன் கொண்டுவந்த கூடை

வெங்காயம் உரிக்கும்போதாவது கொஞ்சம் அழலாம் என்று பார்த்தால் இன்றைக்கு அதுவும் வரவில்லை. பழைய வெங்காயம், காரம் செத்துப் போய் சருகுதான் விரலில் ஒட்டுகிறது. மிளகு வறுத்தாயிற்று, சீரகம் வறுத்தாயிற்று, பூண்டு உரித்தாயிற்று, இந்த வெங்காயம் மட்டும் தீரவே மாட்டேன் என்கிறது, அல்லது தீர்ந்துவிடக் கூடாதே என்று நான்தான் ஒவ்வொன்றையும் நாலு தரம் உரிக்கிறேனோ என்னவோ. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே என் மகள் தர்ஷிகா படுத்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று சொல்ல முடியாது, கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடுகிற வேலையைப் பார்க்கிறாள். உள்ளே இழுக்கும்போது சத்தமில்லை, வெளியே விடும்போது கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு விசில். ஆறு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சுக்குள் அப்படி என்னதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அடுக்களை மூலையில், சிலிண்டருக்குப் பக்கத்தில் கூடை இருக்கிறது. கூடை மேல் கோணி, கோணி மேல் குழவிக்கல். அதைப் பார்க்க வேண்டாம் என்று முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன். முதுகுக்கும் காது உண்டு என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. சரக், சரக் என்று உள்ளே ஓலையில் நகம் உரசுகிறது. பிறகு நிற்கிறது. நின்றால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது, செத்துவிட்டதோ என்று மனம் போகிறது, செத்திருந்தால் நல்லது என்றும் போகிறது. காலையில் காதுகுத்துக்குக் கிளம்பும்போது மாமியார் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: “மசாலாவ மட்டும் அரச்சு வையி அழகு. அறுக்குறத நான் வந்து பாத்துக்கிறேன். ஒங்க ஊரு கைக்கு அதெல்லாம் வராது.”

ஒங்க ஊரு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் என் பெயருக்கு முன்னால் நிற்கிற இனிஷியல் அதுதான். எங்கள் ஊர் கண்மாய்க் கரையில் இலுப்பைத் தோப்பு ஒன்று இருக்கிறது, முனியய்யா கோயில் தோப்பு. கிளைக்குக் கிளை வவ்வால், காய்த்த மரத்தில் காய் தொங்குகிற மாதிரி. நரி மூஞ்சியும் செம்பட்டைக் கழுத்துமாகப் பழந்தின்னி வவ்வால்கள். அதுகளுக்காக எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது, கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைத் தோப்புக்கு முதுகு காட்டித்தான் கட்டுவார்கள், யார் வீட்டுக் கல்யாணமானாலும் கொட்டு தோப்பைத் தாண்டித்தான் ஆரம்பிக்கும். தலைதீபாவளிக்கு வந்த என் வீட்டுக்காரர் இது தெரியாமல் பெட்டி நிறைய வெடி வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். அப்பா முகம் கோணாமல் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார், மாப்பிள்ளையை டவுன் பஸ்ஸில் ஏற்றினார், எல்லை தாண்டி மெயின் ரோட்டில் ஒரு சின்னப் பாலத்துப் பக்கம் இறக்கி, “இங்க வெடிங்க மாப்ள, ஆற அமர வெடிங்க” என்று துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். புது வேட்டியோடு போகிற வருகிற லாரிக்கெல்லாம் வழி விட்டு விட்டு மாப்பிள்ளை தன்னந்தனியாக வெடித்துவிட்டு வந்தார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். மாமியாருக்கு மட்டும் வராது. எம்மகனப் பஸ்ஸேத்திக் கொண்டுபோயி ரோட்டுல வெடிக்க வச்ச சம்பந்தி என்று ஊரெல்லாம் சொல்லி, அப்பா செத்த வீட்டிலும் சொன்னார்.

அப்பா செத்த வீட்டை ஏன் இப்போது நினைக்க வேண்டும். வெங்காயம் உரிக்கிற கை உரித்துக்கொண்டிருக்கும்போதே மனசு எங்காவது போய் முள்ளில் மாட்டிக்கொள்கிறது. அன்றைக்கு ஊர்வலம் தோப்பை நெருங்கியதும் வழக்கம்போல் தப்பும் கொம்பும் நின்றன. அழுகிற பெண்களும் வாயில் சேலையை வைத்துக்கொண்டோம். சங்கு ஊதுகிறவர்கூடச் சங்கை இடுப்பில் செருகிக்கொண்டார். தோப்பு முடிகிறவரைக்கும் காலடிச் சத்தம் மட்டும்தான், இலுப்பைச் சருகு நொறுங்குகிறது, மேலே ஒன்றிரண்டு கீச்சுகிறது, சிறகால் விசிறிக்கொள்கிறது. பாடையைத் தூக்கியிருந்த தம்பி அடைக்கலத்தின் மூச்சு எனக்குக் கேட்டது. அழுகையை அடக்குகிறவனுடைய மூச்சு. தோப்புத் தாண்டியதும் தப்பு மறுபடி விழுந்தது, அவன் ஓவென்று கத்திவிட்டான். அவன் அப்படிப்பட்டவன், ஊர் வழக்கம் என்றால் அப்பனுக்கு அழுகிற அழுகையைக்கூடத் தள்ளி வைத்துக்கொள்வான். வெளியூர்க்காரர்கள் டார்ச்சும் வலையுமாக வந்து வவ்வாலைப் பிடித்துப் போக ஆரம்பித்ததும் ஊரில் இளவட்டங்கள் முறை வைத்துக் காவல் நிற்கிறார்கள். முதல் பெயர் கொடுத்தவன் அவன்தான். வவ்வாலைக் கொல்ல மாட்டோம், கொல்ல விடமாட்டோம் என்று முனியய்யா முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவன். அந்தச் சத்தியத்தை மீறினவன் வீட்டுக்கு ஊரில் திருநீறு கிடையாது, நல்லது கெட்டதுக்கு ஒரு ஆள் வாசல் மிதிக்காது. நேற்று விடியக்காலம் மோட்டார் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவனும் அவன்தான்.

“கம்பியில அடிபட்டுக் கெடந்துச்சுக்கா. எப்படியும் சாகப் போறதுதான். அதான் எடுத்தாந்தேன்.” வாசலிலேயே நின்று சொன்னான், காப்பி கூடக் குடிக்கவில்லை, என் முகத்தைப் பார்க்காமல் கூடைக் கயிற்றையே அவிழ்த்துக்கொண்டிருந்தான். மாமியாருக்கு வாயெல்லாம் பல். தாய்மாமன்னா இப்பிடி இருக்கணும், சீரு செனத்தி எல்லாம் பெறகு, புள்ளைக்கு மூச்சக் கொண்டாந்துட்டானே என்றார். அவன் கூனிக் குறுகிக்கொண்டு வண்டியைத் திருப்பினான். அடிபட்டதுதானே, எப்படியும் சாகப் போறதுதானே என்று நேற்றிலிருந்து நானும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறேன். மின்கம்பியில் பட்டு விழுவது உண்டுதான், ஊரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படி ஒன்று. இதில் யாருக்கும் பாவமில்லை, சத்தியமும் உடையவில்லை, பிள்ளைக்கு இளைப்பு தீர்ந்தால் போதும். தீருமா. வவ்வால் கறி தின்றால் இளைப்பு போகும் என்பது இந்த ஊர்ப் பேச்சு, இந்த ஊரிலும் ஒரு காலத்தில் ஆலமரம் நிறைய வவ்வால் இருந்ததாம், இளைப்பு இருக்கிறவன் இல்லாதவன் எல்லாரும் தின்றே தீர்த்துவிட்டார்கள், இளைப்பு மட்டும் தீரவில்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது பெற்றவளுக்கு மதியும் முட்டிப்போகிறது. எனக்கும் ஆசைதான், அதைச் சொல்லிவிட வேண்டும். கூடை வந்ததும் என் நெஞ்சில் ஒரு மூலை சந்தோஷப்பட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் போன மாதம் பிள்ளைக்கு மருந்துப் புகை வைக்க மாஸ்க் மாட்டினார்கள். அந்தச் சின்ன முகத்தில் பாதியை அது மூடிவிட்டது, மேலே இரண்டு கண் மட்டும் என்னையே பார்த்தது. வராந்தாவில் மாமியார் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பேசினார்: “இவ ஊர்ல மரம் பூராத் தொங்குது. பெத்த புள்ளைக்கு ஒண்ணக் குடுக்க மனசு வல்ல. வவ்வா பெருசாப் போச்சு, புள்ள சிறுசாப் போச்சு.” அடைக்கலம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் கண் கலங்கினதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். அந்த டாக்டரம்மா நல்லவர்தான், பொறுமையாகச் சொன்னார். வவ்வால் கறி, ஆட்டுப்பால், உயிரோடு மீன் விழுங்குறது எதுவும் வேண்டாம், வவ்வாலைத் தொட்டு அறுத்தால் வேறு காய்ச்சலும் வந்து சேரும், இந்த நீல மருந்துப் பம்பை இந்தக் குழலில் மாட்டி இப்படிக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக் காட்டினார். பிள்ளையோட அப்பா ரைஸ்மில்லில் வேலை பார்க்கிறாரா, தவிட்டுத் தூசிச் சட்டையோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் பம்பு கொடுத்தேன், விசில் குறைந்தது. பிறகு யாரோ மாமியாரிடம், பம்பு பழகினால் ஆயுசுக்கும் விடாது, நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் பம்பைத்தான் பார்ப்பான் என்று ஓதிவிட்டார்கள். அது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய், டப்பா பரண் மேல் போய்விட்டது. என் வீட்டுக்காரர் தவிட்டுச் சட்டையை உதறிக்கொண்டே அம்மா சொல்றதும் சரிதான என்றார். எல்லாரும் சரிதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை, ராத்திரியெல்லாம் பிள்ளையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து உட்கார்ந்திருக்கிறவளுக்குப் பகலில் யாரோடு சண்டை போட முடியும்.

உரசல் நின்று வெகு நேரமாகிவிட்டது. இப்போது வேறு சத்தம், தப் தப்பென்று மெதுவாக. அது என்ன என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கப் பார்க்கிறேன். புழுக்கம் தாங்காமல் சிறகால் விசிறிக்கொள்கிறது. பங்குனி வெயிலில் தோப்பு முழுக்க இப்படித்தான் விசிறும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு வெயில் எவ்வளவு என்று சொல்லிவிடுவோம். தண்ணீராவது காட்டலாம். சாகப்போகிறதுக்கு வாயில் பால் ஊற்றுகிற ஊர்தானே இதுவும். குழவியை இறக்கி வைத்துவிட்டு, கையில் ஒரு பழஞ்சாக்கைச் சுற்றிக்கொண்டு கோணியை விலக்கினேன். பழம் புளித்த வாடை முகத்தில் அடித்தது, என் பள்ளிக்கூட வழியின் வாடை. அது பின்னுக்கு நகர்ந்து என்னைப் பார்த்தது. உருண்டைக் கண், ஈரமான மூக்கு. கரிந்த இடத்தைத் தேடினேன். கம்பியில் பட்டால் சிறகு கரிந்திருக்கும், எப்படியும் ஒரு பொத்தல், ஒரு கருகல் இருக்கும். ஒன்றுமில்லை. சிறகு எண்ணெய் தடவினதுபோல் முழுசாக இருந்தது. பெருவிரல் நகத்தில் மட்டும் நீல நைலான் நூல் சுற்றியிருந்தது, முடிச்சோடு, கத்தியால் அறுத்த நுனியோடு. வலை நூல். கொய்யாத் தோப்புகளில் கட்டுவார்களே, திருடவருகிறவர்கள் கொண்டுவருவார்களே, எங்கள் ஊர்க் காவல்காரர்கள் பிடுங்கி முனியய்யா கோயில் கொட்டகையில் குவித்து வைத்திருக்கிறார்களே, அந்த வலை. கூடையை மூடவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடிபடவில்லை. இது சாகப்போகிறதும் இல்லை. அவனே வலை கட்டியிருக்கிறான். காவல் நிற்கிற ராத்திரியிலேயே கட்டியிருக்கிறான்.

போன் எடுத்தேன். நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவன் கூப்பிட்டான், அவனுக்கும் இதே நினைப்பாகத்தான் இருந்திருக்கும். “அக்கா, பாப்பாக்குக் குடுத்தாச்சா?” என்றான். “இன்னும் அறுக்கல. அயித்தை காதுகுத்துக்குப் போயிருக்காக” என்றேன். அவனுக்குப் பின்னால் எங்கோ டிராக்டர் ஓடியது. “நகத்துல வலை நூல் இருக்குடா” என்றேன். “அந்தப் புள்ள மாஸ்க்குக்குள்ள மூச்சு வாங்குனதப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கலக்கா” என்றான். “அதுக்கு மேல ஒங்க மாமியா சொன்னது வேற. தாய்மாமன்னு எதுக்கு இருக்கேன். தப்புத்தான். தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன்.” அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். “யாரும் பாத்தாகளா?” என்றுதான் கேட்டேன். “இல்ல. ஆனா இன்னைக்கு ராத்திரியும் எம்மொறதான்க்கா. டார்ச்ச அடிச்சு மரத்தப் பாக்கவே கூச்சமா இருக்கு. சீக்கிரம் முடிச்சிருங்க. இருக்க இருக்க எனக்கு ஒரு மாதிரியா வருது.” முடிச்சிருங்க என்றால் என்ன அர்த்தம். தின்று செரித்துவிட்டால் செய்தது போய்விடுமா. ஊரைக் காவல் காக்கிறவன் என் பிள்ளைக்காக ஊரைத் திருடியிருக்கிறான், இந்த அன்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், குழம்பு வைப்பேனா. போனை வைத்த பிறகும் கையில்தான் இருந்தது. எல்லாரும் என் பிள்ளைமேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். மாமியார் பிரியம் கூடையில் இருக்கிறது, தம்பி பிரியம் கூடையில் இருக்கிறது, டாக்டரம்மா சொன்னது மட்டும் பரண் மேல் இருக்கிறது.

அப்போதுதான் கூடத்தில் தர்ஷிகா எழுந்து உட்கார்ந்தாள். அம்மா என்று கூப்பிடவில்லை, கூப்பிட மூச்சில்லை. தலையணையை மடியில் வைத்துக் குனிந்து, தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கியது, கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. நான் ஓடினேன். எங்கே ஓடினேன் என்பதைப் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தேன். கூடையைத் தாண்டிக்கொண்டு ஓடி, அரிசி டின் மேல் ஏறி, பரணில் கை விட்டு, பழைய பித்தளைகளைத் தள்ளி, அந்தப் பிஸ்கட் டப்பாவை இழுத்தேன். பயந்தபோது கை தானாக எதைத் தேடிப் போகிறதோ, அதைத்தான் மனசு நம்பிக்கொண்டிருக்கிறது போல. குழலில் மாட்டி, குலுக்கி, அவள் முகத்தில் வைத்து அமுக்கினேன். மெதுவா இழு கண்ணு, அவசரமில்ல, மெதுவா. கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். அந்தக் கண் மறுபடி என்னையே பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, தோள் இறங்கியது. விசில் போகவில்லை, ஆனால் தூரப் போய்விட்டது. “தண்ணி” என்றாள். முழு வார்த்தையாகச் சொன்னாள். இப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, உரித்த வெங்காயமெல்லாம் சேர்ந்து அப்போதுதான் காரம் பிடித்த மாதிரி.

அதற்குப் பிறகு நான் எதையும் முடிவு செய்ததாக ஞாபகம் இல்லை. அலுத்துப் போய்விட்டது, அவ்வளவுதான். இனி இந்தக் கூடைக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் ஆகாது. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பில் அரிவாள் முனையைத் துணியால் சுற்றினேன். எங்கள் ஊரில் நடக்கப் பழகின பிள்ளைக்கும் இது தெரியும். விழுந்த வவ்வாலைக் கையால் தொடக் கூடாது, தரையிலிருந்து அதனால் எழும்பவும் முடியாது, கம்பை நீட்டினால் தானாகக் காலால் பிடித்துக்கொள்ளும், அப்படியே தூக்கி மரத்தில் சேர்த்துவிட வேண்டும், தொங்கினால்தான் அதற்குப் பறக்க வரும். கூடையை வாசல் வேம்புக்குக் கொண்டுவந்து, சாக்குக் கையால் அழுத்திப் பிடித்து, நகத்து நூலை அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். ஒரு தரம் கீச்சென்று கத்தியது. பிறகு கம்பை நீட்டினேன். பிடித்துக்கொண்டது. எவ்வளவு லேசான கனம். கிளையில் சேர்த்ததும் தலைகீழாகி, சிறகைப் போர்த்திக்கொண்டு அப்படியே இருந்துவிட்டது. பறந்து போய்விடும் என்றல்லவா நினைத்தேன். கண் கூசுகிற வெயிலில் அது எங்கே போகும், பொழுது இறங்கினால்தான் போகும். ஊர் பார்க்க, தெருவுக்கு நடுவே, எங்கள் வீட்டு வாசல் மரத்தில் ஒற்றை வவ்வால் தொங்குகிறது. ஒரு காக்கை வந்தது. எட்டி உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கத்தியது, கத்தினால் விடுமா, கூட்டம் சேர்ந்தது. விட்டுவிட்டு உள்ளே போனால் பொழுது இறங்குவதற்குள் கொத்தியே கொன்றுவிடும். கம்பைத் தூக்கி விரட்டினேன். போய்விட்டு மறுபடி வந்தது. மறுபடி விரட்டினேன்.

இப்படியே நிற்கிறேன். எதிர்வீட்டு ராக்கம்மாள் ரெண்டு தரம் வெளியே வந்து பார்த்துவிட்டாள், என்ன என்று கேட்கவில்லை, கேட்காமல் போகிறவள் அல்ல, ஊருக்குள் சொல்லப் போயிருப்பாள். தர்ஷிகா வாசற்படியில் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து மேலேயே பார்க்கிறாள். அடைக்கலத்துக்குச் சொல்ல வேண்டும், அது போய்விட்டால் சொல்ல வேண்டும், ராத்திரி டார்ச் அடிக்கும்போது ஒருவேளை அதுவும் அந்தத் தோப்பில் வந்து தொங்கும். வழி தெரியுமா அதற்கு. வந்த வழி கூடைக்குள் அல்லவா. வெயில் சாய்ந்து எதிர்வீட்டு ஓட்டுக்குப் பின்னால் போகிறது. மெயின் ரோட்டில் பஸ் நின்று கிளம்புகிற சத்தம் கேட்கிறது. தெருமுனையில் மாமியார், கையில் காதுகுத்து வீட்டுத் தேங்காய் பழப் பை. என்னைப் பார்க்கிறார், கம்பைப் பார்க்கிறார், அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறார், திறந்து கிடக்கிற கூடையைப் பார்க்கிறார். வாசலில் பிள்ளை மடியில் நீலப் பம்பு. பையை அப்படியே கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்கிறார். படியில் இருந்து பிள்ளை உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு சொல்கிறாள், விசில் நடுவே, ஆனால் முழுசாக: “சத்தம் போடாத அப்பத்தா. அது தூங்குது.” மாமியார் வாய் திறந்தபடி நிற்கிறார். மரத்தில் ஒரு காக்கை வந்து உட்காருகிறது. எனக்குக் கை கடுக்கிறது, கம்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொள்கிறேன்.